விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங்: நினைவுக் குறிப்பு வரைவு, பிழை திருத்தித் தாருங்கள்

#1 பழையலாக்புக்

வணக்கம். அவர் நினைவு நாளான செப்டம்பர் 16 நெருங்குகிறது. அர்ஜன் சிங்கைப் பற்றித் தமிழில் சுற்றும் குறிப்புகள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியவை. ஒரே பிழை பத்து இடத்தில் கிடக்கிறது. இரண்டு பக்கத்துக்குள் அடங்கும்படி ஒன்று எழுதப் பார்க்கிறேன். அதன் எலும்புக்கூடு கீழே. தாட்சண்யம் பார்க்காமல் அடித்துத் திருத்துங்கள்.

"1919 ஏப்ரல் 15 அன்று லயால்பூரில் (இன்றைய ஃபைசலாபாத்) பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் குதிரைப்படைக் குடும்பம். 1938இல் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குத் தேர்வானார். 1944இல் இம்பால் போரில் டிஎஃப்சி (விமானிகளுக்கான பிரிட்டிஷ் வீரப் பதக்கம்). 1947 ஆகஸ்ட் 15 அன்று தில்லி வானில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களின் அணிவகுப்புக்குத் தலைமை தாங்கினார். 44 வயதில் நாட்டின் முதல் விமானப்படைத் தளபதியானார். 1965 போரில் ஒரு மணி நேரத்தில் பாகிஸ்தானின் தாக்குதலை முறியடித்தார். 1969இல் ஏர் மார்ஷலாக ஓய்வு பெற்றார். 2017இல் மறைந்தபோது 21 குண்டுகள் முழங்க விடைகொடுக்கப்பட்டது."

#2 நான்குபட்டை

நாலு இடத்தில் கை வைக்கணும் சார்.

முதலில் வயது. பிறந்தது 1919 ஏப்ரல். பொறுப்பேற்றது 1964 ஆகஸ்ட் 1. கழித்துப் பாருங்கள், 45 வருஷம் மூன்றரை மாதம். 44 என்று ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே வந்திருக்கிறது, அங்கிருந்துதான் தமிழுக்கும் வந்தது.

"முதல் தளபதி" தவறு. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் மூன்று தலைவர்கள் பிரிட்டிஷ்காரர்கள்: எல்ம்ஹர்ஸ்ட், ஐவ்லா சாப்மன், கிப்ஸ். 1954 ஏப்ரல் 1இல் சுப்ரதோ முகர்ஜி வந்தார், அவர்தான் முதல் இந்தியர். 1960 நவம்பரில் டோக்கியோவில் அவர் இறந்த பிறகு ஆஸ்பி எஞ்சினியர். அதற்கடுத்துத்தான் அர்ஜன் சிங். மொத்த வரிசையில் ஆறாவது, இந்தியர்களில் மூன்றாவது. ஒன்றில் மட்டும் அவர் முதல்வர். 1966இல் தலைவர் பதவியின் தரம் நான்கு நட்சத்திரமாக உயர்ந்தது, அப்போது ஏர் சீஃப் மார்ஷல் ஆன முதல் ஆள் அவர். "முதல் ஏர் சீஃப் மார்ஷல்" என்பதை யாரோ "முதல் ஏர் சீஃப்" என்று சுருக்க, அதை இன்னொருவர் "முதல் தளபதி" என்று மொழிபெயர்த்துவிட்டார்.

ஆகவே 1969இல் ஓய்வு பெற்றது ஏர் சீஃப் மார்ஷலாக. ஏர் மார்ஷல் அதற்கு ஒரு படி கீழே.

நாலாவது, மரியாதைக் குண்டு. தில்லி கன்டோன்மென்ட் பிரார் சதுக்கத்தில் 2017 செப்டம்பர் 18 அன்று முழங்கியது 17.

#3 கரிச்சான்

மூணாவது விஷயம்தான் எனக்கு எப்பவும் குழப்பம். ஏர் மார்ஷல், ஏர் சீஃப் மார்ஷல், விமானப்படை மார்ஷல். எல்லாத்துலயும் மார்ஷல் இருக்கு. ஒரு செய்தியில "ஏர் மார்ஷல் அர்ஜன் சிங்"னு தலைப்பு, உள்ளே "விமானப்படை மார்ஷல்". எது பெருசு?

#4 நான்குபட்டை

கை நுனியில் இருக்கும் பட்டையை எண்ணினால் குழப்பமே வராது. அகலப் பட்டை ஒன்று மட்டும் இருந்தால் ஏர் கமடோர். அதற்கு மேலே மெல்லிய பட்டை ஒன்று சேர்ந்தால் ஏர் வைஸ் மார்ஷல், இரண்டு சேர்ந்தால் ஏர் மார்ஷல், மூன்று என்றால் ஏர் சீஃப் மார்ஷல், நான்கு என்றால் விமானப்படை மார்ஷல். இந்தக் கடைசிப் பட்டையை இந்தியாவில் அணிந்தவர் அவர் ஒருவர்தான்.

செய்தியாளர்கள் "மார்ஷல் ஆஃப் தி ஏர் ஃபோர்ஸ்" என்பதை அவசரத்தில் "ஏர் மார்ஷல்" என்று சுருக்கினால் ஐந்து நட்சத்திரக்காரரை மூன்று நட்சத்திரத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். தமிழில் "விமானப்படை மார்ஷல்" என்று முழுசாக எழுதுவதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று, இது பலருக்கு விளங்குவதில்லை. ஐந்து நட்சத்திரப் பதவியில் ஓய்வு கிடையாது, ஆயுள் முழுக்கப் பணிப் பட்டியலில் பெயர் இருக்கும். தரைப்படையில் மானக்ஷா 1973, கரியப்பா 1986. விமானப்படையில் இவர், 2002 ஜனவரி. ஆக 1969இல் 50 வயதில் ஓய்வு பெற்றவர், 82 வயதில் மறுபடி பணிப் பட்டியலுக்கு வந்துவிட்டார். "ஓய்வு பெற்ற விமானப்படை மார்ஷல்" என்று எழுதுவதே பிழை. 1969 முதல் 2002 வரைக்கும் மட்டும் அவர் ஓய்வு பெற்ற அதிகாரி.

#5 பழையலாக்புக்

திருத்திக்கொண்டேன், நன்றி. ஆரம்பகாலம் வரைவில் மெலிந்து கிடக்கிறது. கிரான்வெல்லில் இருந்து நேரே இம்பாலுக்குத் தாவிவிட்டேன்.

#6 ஆலாபறவை

அந்த நாலு வருஷத்தை விட்டுவிட்டால் இம்பாலில் அவர் செய்தது விளங்காது.

1939 டிசம்பரில் அதிகாரியாகிறார். போர் தொடங்கிவிட்டதால் கிரான்வெல் படிப்பைச் சுருக்கி முடித்து அனுப்புகிறார்கள். முதல் பணி 1ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. அன்றைக்கு அதன் வயது ஆறரை. 1933 ஏப்ரல் 1இல் கராச்சி டிரிக் ரோட்டில் நாலே நாலு வாபிட்டி விமானங்களோடு தொடங்கிய ஸ்குவாட்ரன் அது. வாபிட்டி இரட்டை இறக்கை, திறந்த காக்பிட், பின்னால் ஒரு துப்பாக்கிக்காரர். ஓட்டுகிறவரும் அவரும் பேசிக்கொள்வதே காற்றோடு மல்லுக்கட்டித்தான்.

இடம் வடமேற்கு எல்லைப்புற மாகாணம். பள்ளத்தாக்கில் பறக்கும்போது மலைச்சரிவில் இருப்பவர் கீழ்நோக்கிச் சுடுவார். அதாவது விமானத்தை மேலே இருந்து துப்பாக்கியால் சுடுவார்கள். அப்படி ஒரு நாள் இவர் விமானம் அடிபட்டு, கைசோரா ஓடைப் படுகையில் இறக்க வேண்டியதாயிற்று. இறங்கியதும் பின்னிருக்கைக்காரர் பதற்றத்தில் சுடுகிறவர்கள் இருக்கும் பக்கமாகவே ஓட, இவர் துரத்திப் பிடித்துத் திருப்பினார். இரண்டு வாரத்தில் மறுபடி பறந்தார்.

தாழப் பறந்து தரையைப் படிக்கும் வேலையை அவர் கற்றது அங்கேதான். இம்பாலில் கேட்கப்பட்டதும் அதே வேலை.

#7 மணிப்பூர்வரைபடம்

ஆலாபறவை சொன்னது முக்கியம். "இம்பாலில் ஜப்பானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தி டிஎஃப்சி பெற்றார்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 1ஆம் ஸ்குவாட்ரனின் பிரதான வேலை அது இல்லை, தந்திரோபாய உளவு. ஹரிக்கேன் விமானத்தில் மரத் தலைக்கு மேலே போய், எதிரி எங்கே, எத்தனை பேர், எந்தப் பக்கம் நகர்கிறான் என்று பார்த்து வந்து சொல்வது.

எப்படிச் செய்தார்கள் என்பதையும் இரண்டு வரி சேர்க்கலாம். எப்போதும் ஜோடியாகப் போவார்கள். முன்னால் போகிறவர் கண் தரையை விட்டு விலகாது. பின்னால் வருகிறவர் இடமும் வலமுமாக நெளிந்து பறந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் தரையைப் பார்த்தால் மேலிருந்து வரும் ஜப்பானியப் போர் விமானம் தெரியாது. இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தால் போன வேலை நடக்காது. காட்டில் ஆள் தெரியமாட்டான். தெரிவது அவன் விட்ட தடம்தான்: ஓடைக்கரைச் சேற்றில் புதுச் சக்கரத் தடம், வெட்டிப் போட்டு வாடிய கிளை, காலையில் சமையல் புகை. நேற்றுப் பச்சையாக இருந்த புதர் இன்று பழுப்பாக இருந்தால் அதன் கீழே எதையோ மறைத்திருக்கிறார்கள். இதனால்தான் ஒரே ஆட்கள் ஒரே பகுதியின் மேல் திரும்பத் திரும்பப் பறக்க வேண்டியிருந்தது. ஸ்குவாட்ரனை மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் அந்தப் பழக்கம் போய்விடும்.

ஸ்குவாட்ரன் 1944 பிப்ரவரியில் இம்பால் சமவெளிக்குப் போய், ஏறக்குறைய 14 மாதம் அங்கேயே இருந்தது. சாலை அடைபட்டு, சாப்பாடு முதல் தோட்டா வரை எல்லாம் வானத்தில் வந்த முற்றுகைக் காலத்திலும்தான். முற்றுகை உடைந்தது 1944 ஜூன் 22. மவுன்ட்பேட்டன் இம்பாலுக்கே வந்து டிஎஃப்சியை அவர் சட்டையில் குத்திவிட்டார். அப்போது வயது 25.

#8 கரிச்சான்

25 வயசுல ஸ்குவாட்ரன் தலைவரா!

#9 நான்குபட்டை

ஆமாம். போர்க்காலத்தில் பதவி வேகமாக வரும். படை சின்னது என்பதும் காரணம். 30 வயதில் ஏர் கமடோராக ஆபரேஷனல் கமாண்டுக்குத் தலைமை, 1949இல். பின்னாளில் மேற்கு விமானக் கமாண்ட் ஆனது அதுதான். 1949–52, மறுபடி 1957–61. பாகிஸ்தான் எல்லையைப் பார்த்து நிற்கும் கமாண்டில் அத்தனை வருஷம் இருந்தவர் 1965இல் தலைமையகத்தில் உட்கார்ந்திருந்தார். இதை வரைவில் சேருங்கள். பலர் 1947இல் இருந்து 1965க்கு ஒரே தாவாகத் தாவுகிறார்கள்.

இடையில் 1963இல் நடந்த சிக்ஷா கூட்டுப் பயிற்சியும் இருக்கிறது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானப்படைகள் வந்தன. இந்தியத் தரப்பில் ஒட்டுமொத்தப் பொறுப்பு இவர்.

#10 ரிவெட்

1947 அணிவகுப்பு பற்றி ஒன்று. "நூறு விமானங்கள் ஒரே அணியாக" என்று அலங்கரித்து எழுதிவிடாதீர்கள். நடைமுறையில் முடியாது. அன்று கையில் இருந்தவை டெம்பெஸ்ட், ஸ்பிட்ஃபயர், ஹார்வர்டு, டகோட்டா. டகோட்டா சாதாரணமாகப் போவதே மணிக்கு 270 கி.மீ. அளவில். டெம்பெஸ்ட் அந்த வேகத்தில் போனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தள்ளாடும். இன்ஜின் சூடும் ஏறும், ஆகஸ்ட் மாதத் தில்லி வேறு. ஒவ்வொரு வேகத்துக்கும் தனித் தனிக் கூட்டம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்புப் புள்ளி வைத்து, மெதுவானதை முன்னதாகக் கிளப்பி, மேடைக்கு மேலே வரும் நொடியைக் கணக்குப் போட்டுத்தான் விட வேண்டும். ஒரு கூட்டம் அரை நிமிஷம் தாமதித்தாலும் பின்னால் வரும் வேகமான கூட்டம் அதன் முதுகில் ஏறிவிடும்.

அதே வாரத்தில் படையே இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. இந்தியாவுக்கு மிஞ்சியது ஏழு போர் ஸ்குவாட்ரன், ஒரு போக்குவரத்து ஸ்குவாட்ரன். உதிரிபாகக் கிடங்குகள் பல எல்லைக்கு அந்தப் பக்கம். அந்த நிலையில் நூறு விமானத்தை ஒரே நாளில் பறக்கும் நிலையில் நிறுத்திய தரைப் பணியாளர்களுக்கும் ஒரு வரி கொடுங்கள்.

#11 சுழிக்காற்று

எல்லாரும் சின்னச் சின்னதாகத் திருத்துகிறீர்கள். பெரிய பிழை 1965 வரி. "ஒரு மணி நேரத்தில் பாகிஸ்தானின் தாக்குதலை முறியடித்தார்." ஒரு மணி நேரத்தில் முறியடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் விமானம் கிளம்பும் என்றார். இரண்டும் ஒன்றா?

கிளம்பியது என்ன ஆயிற்று என்பதையும் எழுதுங்கள். செப்டம்பர் 1 மாலை பதான்கோட்டில் இருந்து 12 வேம்பயர், 14 மிஸ்டியர் போர் விமானங்கள். நான்கு வேம்பயர் திரும்பவில்லை. மூன்று விமானிகள் இறந்தார்கள், ஒருவர் பாராசூட்டில் தப்பினார். வேம்பயரை அனுப்பியிருக்கவே கூடாது என்பது என் கட்சி. நினைவுக் குறிப்பு என்பதற்காக அதை மறைத்தால் அது துதி.

#12 பழையலாக்புக்

அந்த வரி தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். "அனுப்பியிருக்கவே கூடாது" என்பதை மற்றவர்களும் ஒப்புக்கொள்கிறார்களா?

#13 ரிவெட்

விமானத்தைப் பொறுத்தவரை சுழிக்காற்று சொல்வது சரி. வேம்பயர் எஃப்பி.52 வடிவமைப்பு இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. விமானி உட்காரும் முன்பகுதி ப்ளைவுட்டும் பால்சா மரமும் ஒட்டிச் செய்தது. ஒற்றை இருக்கை வகையில் எஜெக்‌ஷன் சீட் கிடையாது. அடிபட்டால் மேல்மூடியைத் திறந்து, கையால் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். தாழப் பறக்கும்போது அதற்கு நேரம் எங்கே? பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்தைவிட மணிக்கு இருநூறு கிலோமீட்டராவது மெதுவு. ஆயுதம் மூக்குக்கு அடியில் நான்கு 20 மி.மீ. பீரங்கி, தவிர ராக்கெட். தரைத் தாக்குதலுக்கு அது போதும். சேபர் வந்தால் தப்பிக்கத்தான் வழியில்லை.

மிஸ்டியர் வேறு ரகம். இரண்டு 30 மி.மீ. பீரங்கி, எஜெக்‌ஷன் சீட், ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும்.

#14 ஆலாபறவை

சரி, கடிகாரத்தையும் பாருங்கள். அன்று விடியற்காலையில் ஜம்மு எல்லையிலுள்ள சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகளோடு இறங்கிவிட்டது. இலக்கு அக்னூர். அங்கே செனாப் மேல் இருக்கும் பாலம் போனால் அதற்கு மேற்கே இருக்கும் படைக்கு வரும் வழி அறுந்துவிடும். தில்லியில் பாதுகாப்பு அமைச்சர் சவாணின் அறையில் ஆலோசனை நடந்தது பிற்பகல் 4 மணிக்கு மேல். முதல் விமானம் தரையை விட்டது 5.19.

செப்டம்பர் 1ஆம் தேதி பதான்கோட்டில் சூரியன் மறைவது ஏறக்குறைய 6.50. பதான்கோட்டில் இருந்து சம்ப் நேர்கோட்டில் 130 கி.மீ. சொச்சம், பறக்க பதினைந்து நிமிஷம். தேடுவது, தாக்குவது, திரும்புவது எல்லாம் சேர்த்து, வெளிச்சத்தில் இறங்க வேண்டும் என்றால் கையில் இருந்தது ஒன்றரை மணி நேரம்தான். இருட்டில் டாங்கியைத் தேடி அடிக்கும் கருவி அன்று இந்த விமானங்களில் கிடையாது. "நல்ல விமானம் வரட்டும்" என்று காத்திருந்தால் அடுத்த வாய்ப்பு 2ஆம் தேதி காலை. அவர் முன்னால் இருந்தது வேம்பயரா மிஸ்டியரா என்ற கேள்வி இல்லை, இன்றைக்கா நாளைக்கா என்ற கேள்வி.

இன்னொரு விஷயம். ஒரு மணி நேரம் என்று ஒருவர் சொல்ல முடிந்தது என்றால் ஆயுதம் ஏற்றி, எரிபொருள் நிரப்பி, விமானிகளுக்கு வரைபடமும் கொடுத்து விமானங்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றிருக்க வேண்டும். ஒன்றும் தயாரில்லாத தளத்தில் ராக்கெட் ஏற்றி, பீரங்கிப் பெல்ட் அடுக்கி, விளக்கக் கூட்டம் முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அந்தப் பதிலின் பெருமையில் பாதி பதான்கோட் ஓடுதளத்துக்குச் சேரும்.

#15 சுழிக்காற்று

நேரக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பாதுகாப்புக்குப் போர் விமானம் கூட அனுப்பாமல் நான்கு நான்காக வேம்பயரை விட்டது? தரையோடு தொடர்பும் இல்லை. அன்று மாலை நம்முடைய ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளே நம் விமானங்களிடம் அடி வாங்கின. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

#16 மணிப்பூர்வரைபடம்

சொல்லலாம், காரணத்தோடு சொல்லலாம். தாக்குதல் போனது மேற்கு நோக்கி, சாயங்கால வெயில் நேரே முகத்தில். கீழே புழுதியும் புகையும். இரண்டு தரப்பு டாங்கிகளும் அருகருகே. நம் படையின் முன்வரிசை எங்கே என்பது மணிக்கு மணி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. விமானியோடு ரேடியோவில் பேசி "அந்த மரத்துக்கு அப்புறம் இருப்பது எதிரி" என்று சொல்லத் தரையில் ஆள் வேண்டும். அந்த ஏற்பாடு அன்று ஒழுங்காக இல்லை. தரைப்படையும் விமானப்படையும் கூட்டாகத் திட்டமிடாததன் விலை அது, இரண்டு தலைமையகங்களும் பொறுப்பு. 1962இல் போர் விமானங்களை இறக்கவே இல்லை, போக்குவரத்தும் ஹெலிகாப்டரும் மட்டும். அதனால் பழக்கமும் இல்லாமல் போயிற்று.

தாக்குதல் நின்றதற்கு விமானப்படை மட்டும் காரணம் என்றும் எழுத வேண்டாம். 2ஆம் தேதி பாகிஸ்தான் தரப்பில் தளபதியையே மாற்றினார்கள், அக்தர் மாலிக் போய் யாஹ்யா கான். அதில் ஒரு நாள் போயிற்று. விமானத் தாக்குதல், தளபதி மாற்றம், பின்னாலேயே இந்தியா 6ஆம் தேதி லாகூர் பக்கம் எல்லை தாண்டியது, மூன்றும் சேர்ந்துதான் அக்னூர் தப்பியது.

#17 பழையலாக்புக்

வரியை இப்படி மாற்றுகிறேன்: "செப்டம்பர் 1 பிற்பகல், எவ்வளவு நேரத்தில் விமானப்படை இறங்க முடியும் என்ற கேள்விக்கு ஒரு மணி நேரம் என்றார். மாலை 5.19க்கு முதல் விமானங்கள் பதான்கோட்டில் இருந்து கிளம்பின. அன்று 26 சார்ட்டிகள் (தாக்குதல் பறப்புகள்); நான்கு வேம்பயர்களை இழந்தோம். அதன் பிறகு வேம்பயர் முன்னணியிலிருந்து விலக்கப்பட்டது."

#18 சுழிக்காற்று

இது நேர்மையாக இருக்கிறது. கடைசி வாக்கியத்தில் ஊரகானையும் சேருங்கள், நம் ஆட்கள் தூஃபானி என்பார்களே அது. இரண்டையும் விலக்கிவிட்டு நேட் விமானங்களை முன்னால் கொண்டுவந்தார்கள். 3ஆம் தேதியே நேட் ஒரு சேபரை அடித்ததாக அறிவிக்கப்பட்டது, ட்ரெவர் கீலர். அதே நாள் இன்னொரு நேட் பாகிஸ்தானின் பஸ்ரூர் தளத்தில் போய் இறங்கியது. அது இன்னமும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நல்லதை எழுதினால் அதையும் எழுதுங்கள்.

6ஆம் தேதி பதான்கோட்டையும் விடாதீர்கள். விமானங்கள் திறந்த வெளியில் நின்றன, மேலே காவல் இல்லை. சேபர்கள் வந்து பத்து விமானத்தைத் தரையிலேயே எரித்துவிட்டுப் போயின. அதில் இரண்டு புத்தம்புது மிக்-21.

#19 ரிவெட்

நேட்டை அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம் என்பதற்கு ஒரு குறிப்பு. சின்ன விமானம், இறக்கை நீளம் 6.7 மீட்டர்தான், தூரத்தில் கண்ணுக்குப் படாது, சட்டென்று ஏறும். அது அதன் பலம். ஆனால் அதன் இரண்டு 30 மி.மீ. பீரங்கிகளும் சண்டைக்கு நடுவே அடிக்கடி சிக்கிக்கொள்ளும். கட்டுப்பாட்டு அமைப்பிலும் தொந்தரவு உண்டு. நேட் விமானி ஒருவர் சேபரின் வாலில் உட்கார்ந்த பிறகு பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அப்படிப்பட்ட விமானத்தை வைத்துக்கொண்டு நடந்த போர் அது.

#20 தூரிகை

படம் போடப் போகிறீர்களா? அதில்தான் அதிகம் சறுக்குவார்கள். கவனிக்க வேண்டியது:

விமானி இறக்கைச் சின்னம் இடது மார்பில், ரிப்பன்களுக்கு மேலே இருக்கும். உங்கள் படத்தில் வலது பக்கம் இருந்தால் படம் இடவலம் புரண்டிருக்கிறது. பழைய நெகட்டிவ் வருடியவற்றில் இது சகஜம்.

சின்னத்தில் கிரீடம் இருந்தால் 1950 ஜனவரி 26க்கு முன் எடுத்தது. அசோகச் சிங்கம் இருந்தால் அதற்குப் பின். "ராயல்" என்ற அடைமொழி 1945 மார்ச்சில் வந்து 1950இல் போயிற்று. ஆகையால் இம்பால் படத்துக்குக் கீழே "ராயல் இந்திய விமானப்படை" என்று எழுதினால், 1944 என்றால் பிழை.

டிஎஃப்சி ரிப்பன் ஊதாவும் வெள்ளையும் மாறி மாறிச் சாய்வாக ஓடும். பெரும்பாலான மற்ற ரிப்பன்களில் கோடு நேராக நிற்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட அந்தச் சாய்வை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

வண்ணமூட்டிய படங்களை நம்ப வேண்டாம். பர்மா முனையில் பறந்த விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பே கிடையாது. ஜப்பானியச் சிவப்புப் பொட்டோடு குழம்பக்கூடாது என்று நீக்கிவிட்டார்கள், இரண்டு நீலம்தான். கணினி அங்கே சிவப்பைப் பூசிவிடும். இன்றைய இந்திய வட்டத்தில் நடுவே பச்சை, வெளியே காவி. அதையும் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள்.

#21 கரிச்சான்

யப்பா. பட்டையை எண்ணிப் பார்த்தேன். நம்ம கையில இருக்கிற "1965 போர்க்கள அறையில்"ங்கிற படத்துல அகலத்துக்கு மேல மூணு மெல்லிசு தெரியுது.

#22 நான்குபட்டை

அப்படியென்றால் அது 1965 இல்லை. அப்போது அவர் ஏர் மார்ஷல், இரண்டு மெல்லியது. மூன்று வந்தது 1966இல். தலைப்பை மாற்றுங்கள், அல்லது படத்தை.

#23 பழையலாக்புக்

நல்லவேளை. ஓய்வுக்குப் பின்னான பகுதிக்கு இது போதுமா: "சுவிட்சர்லாந்து, கென்யா நாடுகளில் தூதர், தில்லி துணைநிலை ஆளுநர்."

#24 ஆலாபறவை

வருஷத்தோடு போடுங்கள். சுவிட்சர்லாந்து 1971 முதல் 1974. வாட்டிகனும் கூடவே அவர் பொறுப்பு. கென்யா 1974 முதல் 1977, அங்கே அவர் ஹை கமிஷனர், காமன்வெல்த் நாடு என்பதால் தூதர் என்ற சொல் வராது. தில்லி துணைநிலை ஆளுநர் 1989 டிசம்பர் முதல் ஒரு வருஷம்.

அவர் தில்லிக்குப் பக்கத்தில் இருந்த தன் பண்ணையை விற்று, 2 கோடி ரூபாயில் ஓய்வு பெற்ற விமானப்படையினருக்கான அறக்கட்டளை தொடங்கினார். அதிகாரிகளின் ஓய்வூதியத்தில் சமாளிக்கலாம். கீழ்நிலைப் பணியாளர்கள் சின்ன வயதிலேயே வெளியே வந்துவிடுவார்கள், மருத்துவச் செலவு, பிள்ளைகள் படிப்பு என்று திணறுவார்கள். ஆளுநர் பதவிக்கு ஒரு வரி கொடுத்தால் இதற்கு மூன்று வரி கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

மேற்கு வங்கப் பானாகட் விமானத் தளத்துக்கு 2016 ஏப்ரலில் அவர் பெயரை வைத்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே.

#25 ரிவெட்

"60 வகை விமானங்களுக்கு மேல் ஓட்டினார்" என்பதைச் சேருங்கள், ஆனால் "60 விமானங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். வகை வேறு, எண்ணிக்கை வேறு. இரட்டை இறக்கை வாபிட்டியில் தொடங்கி வேம்பயர், நேட், சூப்பர் கான்ஸ்டலேஷன் வரை. ஒவ்வொரு வகைக்கும் தனிக் கையேடு, எரிபொருள் வால்வு ஒரு விமானத்தில் இடக்கைப் பக்கம், இன்னொன்றில் முழங்காலுக்கு அடியில். பிரேக்கே கைப்பிடியில் இருக்கும் விமானமும் உண்டு, காலில் இருக்கும் விமானமும் உண்டு. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் 1969 வரை பறப்பதை நிறுத்தவில்லை. கோப்பில் கையெழுத்துப் போடும் விமானத்தில் தானும் ஏறிப் பார்த்துவிடுவார்.

#26 தூரிகை

கடைசிப் படமாக எதைப் போடுகிறீர்கள்?

#27 பழையலாக்புக்

கலாம் உடலுக்கு வணக்கம் செலுத்தும் படம். "ராமேஸ்வரத்தில் கலாமுக்கு இறுதி மரியாதை செலுத்தும் அர்ஜன் சிங், 2015 ஜூலை 30" என்று தலைப்பு வைத்திருக்கிறேன்.

#28 ஆலாபறவை

30ஆம் தேதி ராமேஸ்வரத்தில் அடக்கம். இந்தப் படம் 28ஆம் தேதி, தில்லி பாலம் விமான நிலையம். ஷில்லாங்கில் 27ஆம் தேதி இறந்தவரின் உடல் மறுநாள் அங்கே இறங்கியது. சக்கர நாற்காலியில் வந்தவர் எழுந்து நின்று வணக்கம் செலுத்தினார். அப்போது வயது 96.

#29 நான்குபட்டை

சேர்த்து ஒன்று. "முன்னாள் விமானப்படைத் தளபதி" என்று தலைப்பில் போடலாம், தவறில்லை. "ஓய்வு பெற்ற" மட்டும் வேண்டாம்.

#30 பழையலாக்புக்

மாற்றிவிட்டேன்: "2015 ஜூலை 28, பாலம். விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், இறக்கைச் சின்னம் இடது பக்கம்தான் இருக்கிறது.